14ஆம் பெட் பையன் ஏதோ சரியில்ல, டாக்டர்

1/
நீண்ட இழை. பொறுமையா படிங்க. டெங்கு பற்றி நிறைய வரும். ஆனா சொல்ல வந்தது ஒரு சிஸ்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படி யோசிச்சாங்க, அதே நேரத்துல நான் எப்படி யோசிக்காம இருந்தேன்ங்கறதத்தான்.

நோயாளியின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம்னு கேக்காதீங்க.

2/
புதுச்சேரிக்காரங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை நாலு நாள் விடாம பெஞ்சா இந்திரா காந்தி சதுக்கத்துல தண்ணி நிக்கும், ரெயின்போ நகர்ல வீட்டுக்குள்ள தண்ணி வரும். மழை விட்டு ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வார்டு நிரம்பும். தெருவுல ஓடுற தண்ணியில டெங்கு கொசு வளராது. மழை விட்டப்புறம் மொட்டைமாடி டப்பா, பழைய டயர், தேங்காய் ஓட்டுல தேங்குற சுத்தமான தண்ணிதான் அதுக்கு வீடு.

ஊர்க்காரங்க மட்டும் இல்ல, கடலூர், விழுப்புரம் பக்கத்துல இருந்தும் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் வருவாங்க. அப்படி ஒரு சீசன். நான் எம்பிபிஎஸ் முடிச்சு, ஒரு அரசு மருத்துவமனையில ராத்திரி டியூட்டி பார்த்துக்கிட்டு இருந்தேன்.

3/
14ஆம் பெட்ல 19 வயசுப் பையன். டெங்கு உறுதியாகி ரெண்டு நாளா அட்மிஷன். காய்ச்சல் ஆரம்பிச்சு அன்னைக்கு அஞ்சாவது நாள். சாயங்காலம் காய்ச்சல் விட்டுருச்சு. அவங்க அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மணக்குள விநாயகர் கோயில் விபூதிய நெத்தியில பூசி விட்டாங்க. நான் ராத்திரி ரவுண்ட்ஸ் போனப்போ, "காலையில வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா சார்?"னு கேட்டாங்க. "பார்ப்போம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

4/
ராத்திரி 1.40. டியூட்டி ரூம் போன் அடிச்சுது.

"டாக்டர், 14ஆம் பெட் பையன் ஏதோ சரியில்ல."

"என்ன சிஸ்டர் சரியில்ல? ஃபீவரா?"

"ஃபீவர் இல்ல டாக்டர்."

"பிபி?"

"104/80. பல்ஸ் 104."

"பிளேட்லெட்?"

"காலையில 62,000."

"ப்ளீடிங் ஏதாவது?"

"இல்ல. ஆனா ஏதோ ஒரு மாதிரி இருக்கான்."

"அப்ப ஓகே சிஸ்டர். அப்சர்வ் பண்ணுங்க. காலையில பிளேட்லெட் பார்த்துக்கலாம்."

போன வச்சுட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

5/
அன்னைக்கு எனக்கு அந்தப் பதில்ல தப்பு எதுவும் தெரியல. காய்ச்சல் இல்ல, பிபி 100க்கு மேல, பிளேட்லெட் 50,000க்கு மேல, ரத்தக்கசிவு இல்ல. நாலு கேள்வி கேட்டேன், நாலுக்கும் நல்ல பதில் வந்துச்சு.

கவனிச்சீங்கன்னா, நாலும் என் கேள்விகள். அவங்க சொல்ல வந்தத நான் ஒரு தடவைகூடக் கேக்கல. "ஒரு மாதிரி இருக்கான்"னு சொன்னப்போ "எந்த மாதிரி?"ன்னு கேட்டிருக்கணும். கேக்கல.

6/
2.10க்குத் திரும்பவும் போன். இந்தத் தடவை குரல் வேற மாதிரி இருந்துச்சு. ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு.

"டாக்டர், 14ஆம் பெட்டுக்காக ரெண்டாவது தடவை கூப்பிடறேன். டெங்கு, அஞ்சாவது நாள், சாயங்காலம் காய்ச்சல் விட்டிருக்கு. ஆறு மணிக்கு பிபி 110/70 இருந்துச்சு, இப்ப 98/80. பல்ஸ் 84ல இருந்து 118. கை காலு ஜில்லுன்னு இருக்கு. ஆறு மணிக்கு அப்புறம் யூரின் போகல. வயிறு வலின்னு சுருண்டு படுத்திருக்கான். சுகர் பார்த்துட்டேன், 104. எனக்கு இது ஷாக்குக்குப் போற மாதிரி தெரியுது. பிசிவிக்கு ரத்தம் எடுத்து அனுப்பிட்டேன். பெரிய வென்ஃப்ளான் போட்டு நார்மல் சலைன் மாட்டி ரெடியா வச்சிருக்கேன். நீங்க இப்பவே வரணும்."

ஓடினேன்.

7/
இங்க நிறுத்தி, மருத்துவம் படிக்காதவங்களுக்கு ஒரு விளக்கம்.

டெங்குல உயிருக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் உச்சத்துல இருக்கும்போது வர்றதில்ல. காய்ச்சல் விடும்போது வரும். அதாவது மூணாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் நடுவுல. சிலருக்கு அப்போ மெல்லிய ரத்தக்குழாய்கள்ல இருந்து நீர்ச்சத்து வெளியே கசிய ஆரம்பிக்கும். வயித்துக்குள்ள, நுரையீரலைச் சுத்தி நீர் சேரும். ரத்தக்குழாய்க்குள்ள இருக்கற ரத்தம் குறைஞ்சு, கெட்டியாகும்.

8/
உடம்பு இதச் சும்மா விடாது, சமாளிக்கப் பாக்கும். கை காலுக்குப் போற ரத்தக்குழாய்களச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்த அனுப்பும். அதனாலதான் கை ஜில்லுன்னு ஆகுது. சிறுநீர் குறையுது. இதயம் வேகமாத் துடிக்குது.

பிபி மட்டும் நல்லா இருக்கற மாதிரியே காட்டும். மேல் அளவு கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். கீழ் அளவு மட்டும் மெதுவா மேல ஏறும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி சுருங்கும். இதுக்குப் பேரு பல்ஸ் பிரஷர். டெங்குல அது 20க்கோ அதுக்குக் கீழயோ வந்துட்டா, ஷாக் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். மேல் அளவு விழற வரைக்கும் காத்திருந்தா நேரம் கடந்துடும்.

9/
இப்ப அந்தப் பையன் கணக்கப் பாருங்க.

சாயங்காலம் 110/70. இடைவெளி 40.
1.40க்கு 104/80. இடைவெளி 24.
2.10க்கு 98/80. இடைவெளி 18.

முதல் போன்லயே கதை பாதி சொல்லியாச்சு. நான் 104ங்கற ஒத்த நம்பரக் கேட்டேன். சிஸ்டர் 40, 24, 18ன்னு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பாடப்புத்தகத்துல இத நானும் படிச்சவன்தான். பரீட்சையில கேட்டிருந்தா முழு மார்க் வாங்கியிருப்பேன்.

10/
நான் போனப்போ பையன் பேசினான், பேரு சொன்னான். ஆனா நகத்த அமுக்கி விட்டா நிறம் திரும்ப வர நாலு செகண்ட் ஆச்சு. ரெண்டு செகண்டுக்குள்ள வரணும். எடை 52 கிலோ. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லி கணக்குல சலைன் ஓட விட்டோம். எல்லாம் தயாரா இருந்ததால ரெண்டே நிமிஷத்துல ஆரம்பிச்சாச்சு.

கொஞ்ச நேரத்துல பிசிவி ரிசல்ட் வந்துச்சு. ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு எத்தனை சதவீதம்ங்கற கணக்கு அது. காலையில 39. இப்ப 50. ரத்தம் அவ்வளவு கெட்டியாகியிருக்கு. சிஸ்டர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

11/
நாலரைக்கு பல்ஸ் 96, பிபி 106/74. அஞ்சேகாலுக்கு அவன் சிறுநீர் கழிச்சான். சிஸ்டர் அளவு பாட்டிலத் தூக்கி லைட்டுக்கு நேரா பிடிச்சு, "250 டாக்டர்"னு சொன்னாங்க. ராத்திரி முழுக்க அவங்க சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

அவங்களோட சேர்த்து அன்னைக்கு அந்த வார்டுல ரெண்டே சிஸ்டர். நோயாளிங்க நாப்பதுக்கு மேல.

12/
காலையில கேஸ் ஷீட்ட எடுத்து எழுத உக்காந்தேன். நர்ஸ் குறிப்புப் பக்கம் கண்ணுல பட்டுச்சு. நீல மை, நேரான கையெழுத்து:

"1.40. டாக்டர் இன்ஃபார்ம்டு. அட்வைஸ்டு டு அப்சர்வ்."

அவ்வளவுதான். குற்றம் சொல்ற தொனி துளியும் இல்ல. நடந்தது நடந்தபடி. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தா, ராத்திரியில என்ன நடந்துச்சுன்னு உலகத்துக்குச் சொல்ல அந்த ஒரு வரி மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும். அந்த 30 நிமிஷம் என் கணக்குல இருக்கு. இன்னைக்கும் இருக்கு.

13/
டியூட்டி முடிஞ்சு கேன்டீன்ல டீ வாங்கிக் கொடுத்துட்டுக் கேட்டேன். "சிஸ்டர், முதல்ல எத வச்சு சந்தேகம் வந்துச்சு? 1.40க்கு நம்பர் எதுவும் அவ்வளவு மோசம் இல்லையே?"

அவங்க சொன்னது:

"முந்தின ராத்திரி நானும்தான் டியூட்டி டாக்டர். 102 டிகிரி காய்ச்சல்லயும் விடாம போன் பார்த்துக்கிட்டு இருந்தான், நான் திட்டினேன். நேத்து போன் சார்ஜ் ஏறித் தலைமாட்டுல கிடக்கு, தொடவே இல்ல. அம்மா கஞ்சி கொடுத்தாங்க, தள்ளிட்டான். காய்ச்சல் விட்டவனுக்குப் பசிக்கணும்ல? இவன் காய்ச்சல் விட்டும் சோர்ந்து போறான். கணக்கு ஒத்து வரல."

கணக்கு ஒத்து வரல. இந்த வார்த்தைதான் இந்த இழையே.

14/
அதுக்கப்புறம் அவங்க செஞ்சத வரிசையாப் பாருங்க.

மெஷின் பிபிய நம்பாம கையால ஒரு தடவை பார்த்தாங்க. வெறும் தூக்கக் கலக்கமான்னு எழுப்பிப் பேச வச்சாங்க. சாப்பிடலயே, சர்க்கரை குறைஞ்சிருக்குமோன்னு விரல்ல குத்திப் பார்த்தாங்க. அது இல்லன்னு ஆச்சு. அம்மாகிட்ட "எப்பம்மா கடைசியா ஒன்னுக்குப் போனான்?"னு கேட்டாங்க. கையத் தொட்டாங்க, காலத் தொட்டாங்க. சாயங்காலச் சார்ட்ட எடுத்துப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டாங்க.

ஒரு சந்தேகம், நாலு சாத்தியம், ஒவ்வொன்னா விலக்கிப் பார்க்கறது, மிச்சம் இருக்கறதுக்குத் தயாராகறது. கல்லூரியில எனக்கு நோயறிதல்னு சொல்லிக் கொடுத்தது இதத்தான். அத அவங்க செஞ்சா "சிஸ்டருக்கு ஏதோ தோணுச்சு"ன்னு சொல்றோம்.

15/
இந்தத் "தோணுச்சு" பற்றி ஆராய்ச்சிகள் இருக்கு.

அமெரிக்காவில் பச்சிளங்குழந்தை ஐசியு நர்ஸ்களை பெத் கிராண்டல் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் பேட்டி கண்டு 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரத்தத்தில் கிருமி பரவுவதை இந்த நர்ஸ்கள் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது கேள்வி. முதலில் கேட்டால், உள்ளுணர்வு என்றே சொன்னார்கள். ஒவ்வொரு குழந்தையாக எடுத்துத் துருவிக் கேட்டபோது, நிறம், துவண்ட தன்மை, பால் குடிக்கும் விதம் என்று தெளிவான அடையாளங்கள் வந்தன. அவற்றில் பல அப்போதைய மருத்துவ நூல்களில் இல்லாதவை.

தெரிந்தது நிறைய. அதைச் சொல்வதற்கு யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

16/
நெதர்லாந்தில் இதையே ஒரு பட்டியலாக்கினார்கள். நர்ஸின் கவலைக்கு என்றே ஒரு மதிப்பெண் முறை. ஒன்பது அடையாளங்கள். மூச்சில் மாற்றம், ரத்த ஓட்டத்தில் மாற்றம், குளிர் நடுக்கம், மனநிலை மாற்றம், அமைதியின்மை, வலி, எதிர்பார்த்தபடி தேறாமல் இருப்பது, நோயாளியே "எனக்கு நல்லா இல்ல" என்று சொல்வது, கடைசியாக நர்ஸ் தன் கண்ணால் கண்டு சொல்வது.

நம்ம சிஸ்டர் சொன்ன "கணக்கு ஒத்து வரல" இந்தப் பட்டியல்லயே இருக்கு. எதிர்பார்த்தபடி தேறல.

17/
இதெல்லாம் புதுசும் இல்ல. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு நிற்கும் அன்பான அம்மாவாகத்தான் நமக்குத் தெரியும். அவர் 1859 கடைசியில் வெளியிட்ட நர்சிங் குறிப்புகள் நூலில், நோயாளியைக் கூர்ந்து கவனிப்பது எப்படி என்று தனி அத்தியாயமே உண்டு. அந்த விளக்கு நோயாளியைப் பார்ப்பதற்கு. நாம அதப் படத்துக்கு அழகா இருக்கட்டும்னு விட்டுட்டோம்.

18/
நம்ம ஊர் வரலாறையும் பாருங்க. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தது 1823இல். இன்றைய ஜிப்மர் தன் வேரை அங்கிருந்துதான் சொல்கிறது. டாக்டருக்குப் பாடம் நடத்தி இந்த ஊருக்கு 200 வருஷம் ஆச்சு.

இந்தியாவில் நர்சிங் ஒரு பட்டப்படிப்பாக வந்தது 1946இல், டெல்லியிலும் வேலூர் சிஎம்சியிலும். நடுவில் 123 வருஷ இடைவெளி. அவ்வளவு காலம் "டாக்டர் யோசிப்பார், நர்ஸ் செய்வார்" என்பதுதான் வழக்கம். 2016இல் மத்திய அரசு ஸ்டாஃப் நர்ஸ் என்ற பதவியை நர்சிங் ஆபீசர் என்று மாற்றியது. போர்டு மாறிடுச்சு. ராத்திரி 1.40க்குப் போன் எடுக்கற டாக்டர் மாறினாரான்னுதான் தெரியல.

19/
ரெண்டாவது போனைத் திரும்பப் படிங்க. அதுல நாலு பகுதி இருக்கு. இப்ப என்ன நடக்குது. பின்னணி என்ன. நான் என்ன நினைக்கிறேன். எனக்கு என்ன வேணும்.

அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு பேச்சு முறை இது. எஸ்பார் என்பார்கள். மூணாவது பகுதிதான் நம்ம ஊர்ல கஷ்டம். "எனக்கு ஷாக் மாதிரி தெரியுது"ன்னு ஒரு சிஸ்டர் சொன்னா, "டயக்னோசிஸ் நீங்க போடுவீங்களா?"ன்னு கேக்கற டாக்டர்கள் இருக்காங்க. ஒரு தடவை அப்படிக் கேட்டா போதும். அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த சிஸ்டர் "டாக்டர் இன்ஃபார்ம்டு"ன்னு எழுதறதோட நிறுத்திக்குவாங்க.

என் சிஸ்டர் முதல் போன்ல அதச் சொல்லாததுக்குக் காரணமும் அதுதான். அவங்களே சொன்னாங்க. "உடனே ஷாக்குன்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு இருந்துச்சு."

20/
கதை அதோட முடியல. ரெண்டு நாள் கழிச்சு, அதே சிஸ்டர், அதே பையன், ராத்திரி பதினொன்னு.

"டாக்டர், இப்ப ஃப்ளூயிட் ஜாஸ்தியாகுதோன்னு தோணுது. யூரின் நல்லாப் போகுது, பல்ஸ் நல்லா இருக்கு, கை சூடா இருக்கு. ஆனா மூச்சு நிமிஷத்துக்கு 28. படுத்தா இருமுறான். டிரிப்ஸ மெதுவாக்கி வச்சிருக்கேன், வந்து பாருங்க."

டெங்குல கசிவு ஒரு நாள், ரெண்டு நாள்தான். அதுக்கப்புறம் வெளிய போன நீர் தானா ரத்தத்துக்குத் திரும்பி வரும். அப்பவும் டிரிப்ஸ் ஓடிக்கிட்டே இருந்தா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். முதல் ராத்திரி உயிரக் காப்பாத்தின அதே சலைன் மூணாவது ராத்திரி ஆபத்து. கேஸ் ஷீட்ல "தொடரவும்"னு எழுதியிருந்தது என் கையெழுத்து.

இந்தத் தடவை உடனே போனேன். டிரிப்ஸ நிறுத்தி, உக்கார வச்சு, ஆக்சிஜன் கொடுத்தோம். விடியறதுக்குள்ள மூச்சு இறங்கிடுச்சு.

21/
"அப்ப சிஸ்டர் சொன்னா எல்லாம் சரியா?"ன்னு கேப்பீங்க. இல்ல. "ஏதோ சரியில்ல"ன்னு கூப்பிட்டு, நான் ஓடிப்போய்ப் பார்த்து, வெறும் கேஸ் தொந்தரவா இருந்ததும் உண்டு. அனுபவம் உள்ளவங்களும் தவறுவாங்க, சலிச்சுப் போறதும் உண்டு. ஆனா தப்பாக் கூப்பிட்டா என் தூக்கத்துல பத்து நிமிஷம் போகும். சரியாக் கூப்பிட்டு நான் போகலன்னா ஒரு வீட்டுப் பிள்ளை போகும். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

22/
இன்னொன்னு. இப்படி யோசிக்க நேரம் வேணும். பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அன்னைக்கு எங்க வார்டுல ஒருத்தருக்கு இருபது பேருக்கு மேல.

லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஒரே ஒரு நோயாளி கூடினால் அந்த நிலைமை.

ஊசி போடவும் சார்ட் எழுதவுமே நேரம் சரியா இருக்கற இடத்துல, ஒரு பையன் போனைத் தொடலங்கறத யார் கவனிப்பா? அன்னைக்கு ஒருத்தர் கவனிச்சாங்க. அது எங்க அமைப்போட பெருமை இல்ல, எங்க அதிர்ஷ்டம்.

23/
அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் மாத்திக்கிட்டது ஒன்னே ஒன்னு. வார்டுல இருந்து போன் வந்தா, என் கேள்விகளுக்கு முன்னாடி மூணு கேள்வி.

என்ன மாறியிருக்கு?
உங்களுக்கு என்னன்னு தோணுது?
நான் இப்பவே வரணுமா?

மூணாவதுக்கு "ஆமா"ன்னு பதில் வந்தா விவாதம் கிடையாது. செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதப் படிக்கற ஜூனியர் டாக்டர்கள் இத மட்டுமாவது எடுத்துக்கோங்க.

24/
இப்ப நோயாளியோட கூட இருக்கற உங்களுக்கு.

ஒன்னு. டெங்குன்னா எல்லாரும் "பிளேட்லெட் எவ்வளவு?"ன்னுதான் கேக்கறீங்க. "பிசிவி எவ்வளவு? பிபி இடைவெளி எவ்வளவு? யூரின் சரியாப் போகுதா?"ன்னும் கேளுங்க. பப்பாளி இலைச் சாறு தேடி ஊரெல்லாம் அலையற நேரத்துல பக்கத்துல உக்காந்து கையத் தொட்டுப் பாருங்க.

ரெண்டு. காய்ச்சல் விட்டதும் கண்காணிப்ப விடாதீங்க. கடுமையான வயித்துவலி, விடாத வாந்தி, பல் ஈறு அல்லது மூக்குல ரத்தம், கை கால் ஜில்லிடறது, சிறுநீர் குறையறது, அசாதாரணச் சோர்வு, நிலைகொள்ளாத தவிப்பு. இதுல எது வந்தாலும் உடனே சொல்லுங்க. வீட்ல இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

25/
மூணு. எத்தனை தடவை சிறுநீர் போனான், எவ்வளவு குடிச்சான்னு ஒரு துண்டுச் சீட்டுல நேரத்தோட எழுதி வைங்க. ராத்திரி சிஸ்டர் கேட்டா அது தங்கம்.

நாலு. உங்க பிள்ளைய உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். "இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான்"னு தோணினா கூச்சப்படாம சொல்லுங்க. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரையன் சாண்டர்ஸ் என்ற மூணு வயசுகூட நிறையாத குழந்தை 2007இல் இறந்த பிறகு, குடும்பத்தாரே இன்னொரு மருத்துவக் குழுவை அழைக்கும் உரிமையை 2013இல் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயசுச் சிறுமி 2021இல் இறந்தாள். அவளுடைய அம்மாவின் எச்சரிக்கை காதில் விழவில்லை. 2024 முதல் அங்கும் அதே மாதிரி ஒரு விதி. நம்ம ஊர்ல அப்படி விதி வர்ற வரைக்கும் உங்க வாய்தான் விதி. ஒரு தடவை சொல்லிக் கேக்கலன்னா ரெண்டாவது தடவை சொல்லுங்க. என் சிஸ்டர் செஞ்சதும் அதுதான்.

அஞ்சு. சிஸ்டர் "இருங்க, டாக்டரக் கூப்பிடறேன்"னு சொன்னா, "சும்மா பயமுறுத்தறாங்க"ன்னு நினைக்காதீங்க. "நீங்க ஊசியப் போடுங்க, மத்தத டாக்டர்கிட்ட கேட்டுக்கறோம்"னு சொல்லாதீங்க. இத நான் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது காதால கேக்கறேன்.

26/
பையன் எட்டாவது நாள் நடந்தே வீட்டுக்குப் போனான். டிஸ்சார்ஜ் சம்மரியில யூனிட் டாக்டர் பேரு இருந்துச்சு, என் கையெழுத்து இருந்துச்சு. சிஸ்டர் பேரு எழுத அந்தத் தாள்ல இடமே கிடையாது.

அவங்க அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "பிள்ளையக் கொடுத்துட்டீங்க சார்"னு அழுதாங்க. எனக்கு நிக்க முடியல. "அம்மா, நான் இல்ல. அந்த சிஸ்டர்தான்"னு நர்ஸ் ஸ்டேஷனக் காட்டினேன்.

"தெரியும் சார். ராத்திரியெல்லாம் அவங்கதான் இவனப் பாத்துக்கிட்டாங்க"ன்னாங்க.

அன்பா கவனிச்சுக்கிட்டாங்கன்னுதான் அந்த அம்மா சொன்னது. எனக்கு அந்த வார்த்தை ரெண்டு அர்த்தத்துலயும் கேட்டுச்சு. நான் பார்க்காதத அவங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

27/
அந்த சிஸ்டர் இப்ப வேற வார்டுல இருக்காங்க. இந்த இழைய எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன். "என் பேரு போடாதீங்க டாக்டர். ரெண்டாவது போன் பண்ணலாம்னு மட்டும் எழுதுங்க, புதுசா வர்ற பிள்ளைங்க பயப்படறாங்க"ன்னு சொன்னாங்க.

எழுதிட்டேன் சிஸ்டர்.

உங்க வீட்ல, தெருவுல நர்சிங் படிக்கற பிள்ளைங்க இருந்தா இத அனுப்புங்க. மழை ஆரம்பிச்சாச்சு. மொட்டைமாடியில இருக்கற டப்பாக்களக் கவுத்து வைங்க.